பூமயில் பறித்த காளான்

என் கல்யாணப் பேச்சு ஒரு காளான் குழம்பால் நின்றுபோனது. 1981ஆம் வருஷம், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. அதற்கான பழியைச் சுமந்தவள் பூமயில். அவள்மேல் பழி சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஊர் ஆவுடையான் வலசை. உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். என் அய்யா மூக்கையாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் இருந்தது. அதில் கரையோரத்து வயலை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுதவன் வேல்சாமி. 1974இல் அவனுக்கு வாக்கப்பட்டுக் காளையார்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள்தான் பூமயில். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். எனக்குப் பதின்மூன்று.

பூமயில் எதையும் லேசில் நம்பமாட்டாள். கடையில் வாங்கும் அரிசியை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்ப்பாள். மீன்காரி கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகு மோந்தும் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் ஒரு தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு தடவை, "இது ராமநாதபுரந்தான போகுது?" என்று கேட்பாள். அவளைக் கேலி செய்யாத ஆள் ஊரில் கிடையாது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

அவளுடைய சந்தேகத்துக்கு ஊர் மரியாதை கொடுத்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஐப்பசியில் இடியோடு மழை விழுந்து, மறுநாள் வெயில் அடித்தால் கண்மாய்க்கரைக் கரையான் புற்றுகளைச் சுற்றிக் காளான் கிளம்பும். புத்துக்காளான் என்போம். ஆளாளுக்குப் போய்க் கண்ணில் பட்டதைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். பூமயில் மட்டும் குச்சியால் தோண்டி, வேரோடுதான் எடுப்பாள். காளானுக்கு ஏது வேர் என்று கேட்கலாம். புத்துக்காளானுக்கு உண்டு. தண்டு மண்ணுக்குள் மெலிந்து மெலிந்து, ஒரு முழம்கூடக் கீழே போய், கரையான் கூட்டைத் தொட்டு நிற்கும். அது பாதியில் அறுந்துவிட்டால் அந்தக் காளானைத் தூர எறிந்துவிடுவாள்.

அவள் கொண்டுவரும் காளானில் மண் ஒட்டியிருக்கிறதென்று என் அம்மா சண்முகவள்ளி வருஷா வருஷம் அலுத்துக்கொள்வாள்.

"ஏத்தா, வேர அறுத்துட்டுக் கொண்டாந்தா ஆகாதா? ரெண்டு குடம் தண்ணி செலவாகுது கழுவ."

"வேரு இருந்தாத்தான் ஆத்தா அது நம்ம காளானு. அறுத்துட்டா எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் இருக்கும். எனக்கே சந்தேகம் வந்துரும்."

அம்மா சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வாள். ஏழு வருஷம் இப்படியே போனது.

எண்பத்தொன்றில் ஆவணி மாதம் மடை திறப்பதில் ஒரு வாய்ச்சண்டை வந்தது. வேல்சாமி அய்யாவை எதிர்த்து நாலு பேர் முன்னால் பேசிவிட்டான். மறுவாரமே அய்யா கண்மாய்க்கரை வயலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வயல் போன அன்று பூமயில் தன் வாசலில் நின்று, அந்த வீடு விளங்காது என்று சொன்னாளாம். அதைக் கேட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அப்புறமும் வேல்சாமியும் பூமயிலும் எங்கள் வீட்டுக் கூலி வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். வேறு போக்கு இல்லை.

என்னைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வருவதாக எழுதியிருந்தார்கள். எட்டுப் பேர் என்று கடிதத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் கறி கிடையாது. முந்தின நாள் நல்ல மழை. "பூமயில்கிட்டச் சொல்லிக் காளான் கொண்டாரச் சொல்லு. கறியவிட நல்லாருக்கும்" என்றார் அய்யா. காலையில் வேல்சாமி ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து கொல்லைப்புற வாசலில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவன் முகம் கொடுக்காமல் போனது எங்கள் எல்லாருக்கும் பிற்பாடு ஞாபகம் வந்தது.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். வெற்றிலை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்களில் முதலில் எழுந்து ஓடியவரும் அவர்தான். பிறகு மாப்பிள்ளை, பிறகு அய்யா. ஒரு மணி நேரத்துக்குள் கொல்லையெங்கும் வாந்தி. குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. பெண்கள் இன்னும் இலையில் உட்காரவில்லை. அதனால் நாங்கள் தப்பினோம். அவர்கள் வந்த வேனிலும் எங்கள் வண்டியிலுமாக எல்லாரையும் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காளான் விஷம் என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு மோசமில்லை. அய்யாவுக்கு மட்டும் மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது.

மதுரைக்காரர்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் விஷம் வைத்தார்கள் என்று அங்கே பேச்சாம். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

அய்யா திரும்பி வந்த மறுநாள் பிற்பகல் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சாவடியில் ஊர் கூடியது. போலீசுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். போனால் என் பெயர் அடிபடும் என்று அய்யா மறுத்துவிட்டார். வேல்சாமியும் பூமயிலும் வெயிலில் நின்றார்கள். நான் வீட்டு வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னைக்கு ஒன் வீட்டுலயும் காளான்தான?" என்று கேட்டார் அய்யா.

"ஆமாங்கய்யா" என்றாள் பூமயில்.

"தின்னியா?"

"தின்னோம்."

"ஒனக்கு ஒண்ணும் ஆகல."

அதிலேயே ஊருக்குப் பாதி முடிவு தெரிந்துபோனது. அவள் சாப்பிட்டும் நன்றாக இருப்பதே அவளுக்கு எதிரான சாட்சி. என் அம்மாவும்தான் நன்றாக இருந்தாள், நானும்தான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"காளானப் பாத்தே சாதி சொல்றவ இவ. தெரியாமக் கலந்துருச்சுன்னு நான் எப்படி நம்புறது?" என்று அய்யா ஊரைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் வேல்சாமி ஒரு அடி முன்னால் வந்தான். "அன்னைக்குக் காளான் புடுங்குனது நாந்தான்யா. அவ இல்ல. எனக்கு வெவரம் பத்தாது. அவளை விட்டுருங்க."

பூமயில் திரும்பி அவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பயந்துபோன பார்வை. புருஷன் மாட்டிக்கொண்டானே என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் நினைத்தது வேறு. காளான் பறித்தது அவள்தான் என்று அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் தனியாகப் போய் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்திருக்கிறாள். பெட்டியை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன் வேல்சாமி. வழியில் அவன் எதையோ சேர்த்திருக்கிறான், அதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்து ஒப்புக்கொள்கிறான் என்று அந்த நிமிஷத்தில் அவள் நம்பிவிட்டாள்.

இரண்டு பேரையும் யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, அவள் கையால் எதுவும் வாங்கக் கூடாது என்று முடிவானது. வீட்டுக்குள் போன பிறகு அவள் புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள், கடலோரத்துப் புதுமடத்தில் கரைவலை இழுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அதன்பிறகு வரவில்லை.

பூமயில் மட்டும் ஊரில் இருந்தாள். உடைமுள் வெட்டி உச்சிப்புளியில் கொண்டுபோய் விறகாக விற்றுச் சாப்பிட்டாள். ஊரணிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மன் கோயில் வாசலில் பெண்கள் இந்தப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள். சமைத்தவளுக்குத் தெரியாமலா போகும் என்று ஒருத்தி ஜாடையாகக் கேட்டுவிட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன கண்ண மூடிக்கிட்டாச் சமைச்சேன்? பூண்டப் போட்டுத்தான் கொதிக்க வச்சேன். வெசமுன்னா பூண்டு கறுத்துருமில்ல? கறுக்கல. அப்பறந்தான் தாளிச்சேன்."

பூமயில் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் தன் முறைக்குக் காத்து நின்றாள். பூண்டு கறுப்பது, வெள்ளிக்காசு கறுப்பது எல்லாம் பொய் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். பிறந்த ஊரில் எறிந்துபோட்ட கெட்ட காளானைப் பூண்டோடு வேகவைத்துப் பார்த்திருக்கிறாளாம், பூண்டு வெள்ளையாகவே இருந்ததாம். அன்று அவளை உறுத்தியது அது இல்லை. ஏழு வருஷமாக அவள் கொடுத்த காளானை அம்மா ஒருநாளும் பூண்டு போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் பார்த்தாள்?

அவளுடைய சந்தேகம் அந்த இடத்தில் புருஷனை விட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் பெரிய மழை. மழை விட்ட மறுநாள் காலை பூமயில் எங்கள் கொல்லை வேலியை ஒட்டிய வண்டிப்பாதையில் நடந்திருக்கிறாள். ஓலைவேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. உள்ளே வைக்கோல் படப்பு, அதற்குப் பக்கத்தில் சாணம் கொட்டும் குப்பைக்குழி. குழியின் ஓரத்துப் புல்லில் வட்டம் கட்டி உட்கார்ந்தது போல வெள்ளை வெளேரென்று காளான். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் புத்துக்காளான்தான். வேலிச் சந்துக்குள் கையை விட்டு மூன்றைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு, நேரே கண்மாய்க்கரைக்குப் போய்ப் புத்துக்காளானும் மூன்றைத் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பிற்பாடு என்னிடம் அதைச் சொல்லும்போது பூமயில் கையை விரித்து விரித்துக் காட்டுவாள். குடையின் நடு உச்சியைத் தடவிப் பார்த்தாள். புத்துக்காளானுக்கு உச்சியில் முளைபோலக் கூராக ஒரு முனை உண்டு, மண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வருவதற்கு. குப்பைக்குழிக் காளானின் உச்சி மழுங்கலாக இருந்தது. அதன்மேல் பொருக்குப் பொருக்காகப் பழுப்புச் செதில். தண்டில் ஒரு வளையம். விரலால் தள்ளினால் கைவளையல் மாதிரி மேலும் கீழும் நகர்ந்தது. புத்துக்காளானில் அப்படி வளையம் கிடையாது. அடியில் வெங்காயம்போல ஒரு குமிழ், அதோடு தண்டு முடிந்தது. கீழே வேர் இல்லை.

ஆனால் குடையைத் திருப்பினால் இரண்டிலும் மடிப்பு வெள்ளைதான். தண்டை அறுத்து, மேல்தோலைச் சுரண்டிக் கழுவிவிட்டால் தனக்கே அடையாளம் தெரியாது என்று அவளுக்குப் பட்டது. அதுவும் போதவில்லை. வேல்சாமியின் வெள்ளைத்துண்டு ஒன்றை விரித்து, இரண்டு ஜாதியிலும் நன்றாக விரிந்ததாக ஒவ்வொரு குடையை அதன்மேல் கவிழ்த்து வைத்து, சட்டியால் மூடிவிட்டு விறகுக்குப் போய்விட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "வச்சுப் பாப்போமேன்னுதான். ஒரு நாப்பூரா ஒரே எடத்துல கெடந்தா எதுவும் தன் கொணத்தக் காட்டிரும்ல" என்றாள்.

சாயங்காலம் வந்து சட்டியைத் தூக்கினாள். புத்துக்காளான் இருந்த இடத்தில் லேசான ரோஸ் நிறத்தில் மாவுபோல் ஒரு வட்டம். மற்றது இருந்த இடத்தில் பச்சை. பாசிபோலப் பச்சை. காளானின் மடிப்பும் பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை அய்யா தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். பூமயில் கொல்லைப்புறமாக வந்தாள். நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். அம்மா அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"இங்கன எதுக்கு வந்த? அவுகளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

பூமயில் துண்டை விரித்துக் காட்டினாள். "இந்த ரோஸ் நான் குடுத்தது ஆத்தா. இந்தப் பச்சை, ஒங்க குப்பைக்குழி ஓரத்துல மொளைச்சது."

அம்மா குனிந்து பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு எதுக்குப் பூண்டு போட்டுப் பாத்தீக?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டுப் பேருன்னாக. பன்னெண்டு பேரு வந்து நிக்கிறாக. நீ குடுத்தது காணாது. ஒனக்குச் சொல்லிவிடவும் நேரமில்ல. கொல்லையில பாத்தா அதே மாதிரி நிறையக் கெடக்கு. நாலஞ்ச அறுத்துக் கூடச் சேத்தேன். மனசுக்குச் சரியாப் படல, பூண்டப் போட்டுப் பாத்தேன். கறுக்கல தாயி."

"சாவடியில நின்னப்பச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்னைய வீட்டுல வச்சிருக்க மாட்டாக."

"என் வீட்டுக்காரரு வீட்டுல இல்ல. ஒரு மாசமாகப் போகுது" என்றாள் பூமயில். குரல் உயரவில்லை. "நீங்களாச் சொன்னா நல்லது. நான் புதுமடம் போயிட்டு வாரேன்."

அவள் போன பிறகு நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன். அன்றும் மறுநாளும் அம்மா அய்யாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். ஊரணியில் தள்ளிப் போனதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கு முந்தின நாள் பூமயிலிடம் இதைச் சொன்னேன். "ஆத்தாவக் காட்டிக் குடுக்க எந்தப் புள்ளைக்கு மனசு வரும்? விடு" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை.

புதுமடம் கரையில் வலை ஏறி, மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வலை மதாருடையது. பூமயில் மணலில் தயங்கி நிற்பதைப் பார்த்து அவர்தான் விசாரித்தார். "வேல்சாமி, ஒன் வீட்டுலேர்ந்து வந்திருக்காக. போய்ப் பேசிட்டு வாப்பா. மீன நாங்க பாத்துக்கிறோம்" என்று அனுப்பிவைத்தாராம்.

இருவரும் ஒரு படகு நிழலில் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்குச் சாவடியில எதுக்கு அப்படிச் சொன்னீக?"

"எப்படி?"

"காளான் புடுங்குனது நாந்தான்னு."

வேல்சாமி கையில் ஒட்டியிருந்த மீன்செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். "ஒன்னைய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருவாகன்னு."

"நான் எதுக்கு ஸ்டேஷனுக்குப் போகணும்?"

அவன் அடுத்த செதிலைச் சுரண்டினான்.

"நாந்தான் செஞ்சேன்னு நெனச்சீகளா?"

"ரெண்டு குமியாப் பிரிச்சு வச்ச. ஒண்ணப் பெட்டியில போட்ட. இன்னொண்ணு நமக்கு, மாத்திராதீகன்னு சொன்ன. வயல் போன அன்னைக்கு வாசல்ல நின்னு என்ன சொன்ன, ஞாவகம் இருக்கா? நான் என்னத்த நெனைக்க?"

"மொட்டு அவுகளுக்கு. விரிஞ்சது நமக்கு. ஏழு வருசமா அப்படித்தான பிரிக்கிறேன்."

"விடிஞ்சா நான் வயலுக்குப் போயிருவேன். அத எங்க பாத்தேன்."

பூமயிலுக்கு அழுகை வந்தது. தன்னோடு ஏழு வருஷம் வாழ்ந்தவன், அத்தனை பேருக்கு விஷம் கொடுக்கக்கூடியவள் என்று தன்னை நினைத்திருக்கிறான். நினைத்த பிறகும் தனக்காக முன்னால் வந்து நின்றிருக்கிறான். எதற்கு அழுவது, எதற்குக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நானும் ஒங்களத்தான் நெனச்சேன். பெட்டியத் தூக்கிட்டுப் போனது நீங்க. வழியில எதையோ சேத்துட்டீகன்னு."

வேல்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களும் கேட்டிருக்கலாம்."

வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு அவள் துண்டின் கதையைச் சொன்னாள். அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்பினார்கள்.

அம்மா வாய் திறக்கவில்லை என்று தெரிந்ததும் பூமயில் அடுத்த மழைக்காகக் காத்திருந்தாள். ஐந்தாறு நாளில் பெய்தது. அதற்கு மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஆண்கள் சாவடியில் உட்கார்ந்திருந்த நேரம், வேல்சாமியோடு வந்து ஒரு வாழையிலையை விரித்தாள். ஒரு பக்கம் புத்துக்காளான், வேரும் மண்ணுமாக. இன்னொரு பக்கம் மற்றது, புதிதாக விரிந்தது ஒன்று, முற்றிப் பச்சை பிடித்தது ஒன்று. யாரும் கிட்டே வரவில்லை. அவளே உச்சியையும் செதிலையும் வளையத்தையும் குமிழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"நான் குடுத்தது இது. நீங்க தின்னதுல இதுவும் இருந்திருக்கு" என்று அய்யாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இது எங்கன மொளைச்சது?"

"ஒங்க கொல்லையில, குப்பைக்குழி ஓரத்துல. இப்பயும் இருக்கு. ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

யார் பறித்தது என்று அவள் சொல்லவில்லை. அய்யா ஆளை அனுப்பவில்லை, தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சாவடிக்குத் திரும்பாமல் வீட்டு வாசலில் நின்றார். அம்மா நிலைப்படியில் இருந்தாள்.

"நாந்தான் அறுத்துப் போட்டேன். தெரியாமப் போட்டேன்" என்றாள் அம்மா. எதிரே சாவடி வரைக்கும் கேட்டது.

அய்யா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. உள்ளே போய்விட்டார். ஊர் பூமயிலிடம் மன்னிப்புக் கேட்கும் என்று நினைத்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். மறுநாள் ஊரணியில் பெண்கள் நகரவில்லை, அவ்வளவுதான். தை பிறந்ததும், "ஏலே வேல்சாமி, அடுத்த வெள்ளாமைக்குக் கண்மாய்க்கரை வயல நீயே உழு" என்று அய்யா வழியில் பார்த்துச் சொன்னார். அவன் உழுதான். பூமயில் மட்டும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சந்தேகம் ஊரை விட்டுப் போய்விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் குடிவந்தது. மதுரைச் சம்பந்தம் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு என்னைவிடப் பதினாலு வயது மூப்பு, வேண்டாம் என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அய்யா அதை மறக்கவில்லை. தெரியாமல் போட்டாள் என்பதை அவர் நம்பவே இல்லை. அம்மா பரிமாறினால் முதல் கவளத்தை அவள் சாப்பிட்ட பிறகுதான் கை நனைப்பார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். 2003இல் அவர் சாகும்வரை, இருபத்திரண்டு வருஷம், அந்த வீட்டில் சாப்பாடு அப்படித்தான் நடந்தது. என்னை எண்பத்திரண்டில் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் நன்றாக இருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த முதல் கவளத்தைப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

பூமயிலுக்கு எண்பத்து நாலில் ஒரு மகள் பிறந்தாள். அதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களில் காளான் பறிப்பவர்கள் எல்லாரும் அடுப்பில் ஏற்றுமுன் அவளிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வேரை அறுத்துக் கொண்டுவந்தால் பார்க்கவே மாட்டாள். பாதிக்குமேல், "எனக்குத் தெரியல. தெரியலைன்னா தூரப் போடு" என்பாள். ஒருமுறை விவசாயக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து, காளானைக் கவிழ்த்துவைத்து நிறம் பார்க்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். ஒருத்தரும் இல்லை என்றாள். அவர்கள் நம்பினார்களா என்பதில் அவளுக்குச் சந்தேகம்தான்.

வேல்சாமிக்கும் அவளுக்கும் இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. மனசில் எது உறுத்தினாலும் அன்றே கேட்டுவிட வேண்டும். அதனால் அந்த வீட்டில் தினமும் ஏதாவது விசாரணை நடக்கும். கடைக்குப் போனவன் ஏன் நேரமானது, உப்பு ஏன் குறைந்தது, யாரோடு பேசினாய். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது சண்டையாகக் கேட்கும்.

அய்யா இறந்து ஒரு வருஷம் கழித்து நான் ஊரில் இருந்தபோது அம்மா பூமயிலுக்குச் சொல்லிவிட்டாள். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் எங்கள் வாசலில் ஏறினாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மழை, வெள்ளாமை, பேரப்பிள்ளைகள் என்று பேசினார்கள். பிறகு பூமயிலே கேட்டாள்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும். கேக்காம விட்டா எனக்குச் சரிப்படாது. அன்னைக்கு நெசமாவே தெரியாமத்தான் போட்டீகளா?"

என் மனசுக்குள்ளும் அந்தக் கேள்வி அத்தனை வருஷமும் இருந்தது.

"தெரியாமத்தான் போட்டேன்" என்றாள் அம்மா. "என் மக மேல சத்தியமா. ஆனா அவுக ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்படியே மதுரைக்குப் போயிட்டாகன்னு கேட்டப்ப, எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நீ பழி சொமந்து நிக்கிற, நான் உள்ளுக்குள்ள சந்தோசப்படுறேன். அது என் மொகத்துல தெரிஞ்சிருக்கும்போல. இவ அய்யா அதத்தான் பாத்துக்கிட்டாக. கடைசி மட்டும் அவுககிட்ட இதச் சொல்ல முடியல."

பூமயில் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தபடி இருந்தாள், மீன்காரியின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போல.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன் ஆத்தா" என்றாள் கடைசியில். "இப்ப நம்புறேன்."

அம்மா கையை நீட்டித் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு பேருக்கும் காப்பி போட எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு பூமயில் வாரத்தில் இரண்டு நாளாவது வந்து அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். 2009 மாசியில் அம்மா தூக்கத்திலேயே போனாள். நான் தொண்டியிலிருந்து வந்து சேர்வதற்குள் பூமயில் அம்மாவைக் குளிப்பாட்டி, அவளுடைய பச்சை நூல்சேலை ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி தாயி" என்று செம்பை நீட்டினாள்.